இணைய நூலகமும் வாசகனின் அந்தரங்கமும்: ஒரு விமர்சன நோக்கு

வாசிப்பு என்பது ஒருவன் தனிமையிற் செய்யும் கருமமாயினும், அது சமூக நிறுவனங்களின் துணையின்றி நிகழ்வதன்று. நூலை எழுதுவோன், அச்சிடுவோன், விற்போன், சேகரித்து வைத்து இரவல் கொடுப்போன் எனப் பலரும் வாசகனுக்கும் நூலுக்கும் இடையில் நிற்கின்றனர். இவர்களுள் எவர் வாசகனைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கலாம் என்னும் வினா அச்சு நூலின் காலத்திலேயே எழுந்ததொன்றாகும். நூலகம் கணினித் திரைக்குள் புகுந்து, அதன் பின்னர் மெய்நிகர் உலகங்களிலும் கிளை விரித்த இக்காலத்தில் அவ்வினா புதிய கூர்மையைப் பெற்றுள்ளது. இதற்கு இதுகாறும் கூறப்பட்டு வந்த விடைகள் போதுமானவையா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பிரச்சினை பெரிதும் ஐக்கிய அமெரிக்காவிலேயே சட்டமாகவும் வழக்காகவும் வடிவம் பெற்றமையால், உதாரணங்கள் பெரும்பாலும் அந்நாட்டினின்றே எடுத்தாளப்படுகின்றன.

அந்தரங்கம் பற்றிய நவீன சட்டச் சிந்தனையின் தொடக்கமாக அறிஞர் பலரும் சுட்டுவது, சாமுவேல் வாரன், லூயிஸ் பிரான்டைஸ் ஆகிய இருவரும் 1890 ஆம் ஆண்டில் ஹாவார்ட் சட்டச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையையாகும். பத்திரிகைகளும், நொடியிற் படமெடுக்கும் புகைப்படக் கருவிகளும் மாந்தரின் இல்லற வாழ்வினுள் நுழைவதைக் கண்டு எழுந்த கவலையே அக்கட்டுரையின் ஊற்றுக்கண். தனித்து விடப்படும் உரிமை என்ற கருத்து அதன் மூலமே பரவலாயிற்று. இக்கருத்தின் வரலாற்றுப் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. எனினும் அது எவ்வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பூட்டத்தக்க கதவும், அக்கதவுக்குப் பின்னே சொந்த அறையும் உடையவரின் வாழ்க்கை அது. அங்கு அந்தரங்கம் ஒருவகைச் சொத்தாகவே கருதப்பட்டது.

பொது நூலகத்தில் வாசகனுக்குத் தேவைப்படும் அந்தரங்கமோ இதனின்று வேறுபட்டது. அவனுக்குச் சொந்த அறை இல்லை. சொந்த நூலும் இல்லை. பலருக்கும் உரிய இடத்திற் பலருக்கும் உரிய நூலை எடுத்து வாசிக்கும் அவன், தான் எதை வாசிக்கின்றான் என்பதைப் பிறர் துருவி ஆராயாதிருத்தல் வேண்டும் என எதிர்பார்க்கிறான். இது தனியொருவனின் கூச்சம் பற்றிய விடயமன்று. நோயைப் பற்றி அறிய விழையும் நோயாளி, மதத்தில் ஐயங்கொண்ட இளைஞன், அரசின் கொள்கையை மறுத்துரைக்கும் நூலைத் தேடும் மாணவன் ஆகியோர் அஞ்சி ஒதுங்குவராயின், சமூகத்தின் சிந்தனையே குறுகிப் போகும். எனவே நூலகத்தின் அந்தரங்கம் தனியுடைமை சார்ந்ததன்று; பொதுநலன் சார்ந்தது. இவ்வேறுபாட்டை முதலில் தெளிந்து கொள்ளாதவிடத்துப் பின்வரும் விவாதம் திசைமாறிவிடும்.

அமெரிக்க நூலகச் சங்கம் 1939 ஆம் ஆண்டில் வகுத்த ஒழுக்கக் கோவை, வாசகரோடு கொண்ட தொடர்பினால் நூலகர் அறியவரும் தனிப்பட்ட செய்திகளை இரகசியமாகப் பேணுதல் அவரது கடமை என வலியுறுத்திற்று. ஆயினும் வாசகனைக் காத்தது இக்கோவை மட்டுமேயென எண்ணுவது தவறாகும். இரவல் வழங்கும் முறையும் அவனைக் காத்தது. 1895 ஆம் ஆண்டளவில் நினா பிரவுண் என்னும் அமெரிக்க நூலகர் வகுத்ததும், பிரித்தானிய மரபைப் பின்பற்றிய நூலகங்களிற் பெருவழக்காய் நிலைத்ததுமான பிரவுண் முறையை ஈண்டு நோக்கலாம். நூலினுள் இருக்கும் அட்டையை எடுத்து, வாசகனின் பெயர் கொண்ட சிறு பையினுட் செருகி வைப்பர். நூல் திரும்பி வந்ததும் அட்டை நூலுக்குள் மீளும். பை வாசகனிடம் சேரும். அக்கணமே இன்னார் இந்நூலை எடுத்தார் என்பதற்கான சான்று உலகில் இல்லாது போகும். இதற்கு மாறாக, நியூவார்க் முறையில் இரவல் பெற்றவரின் பெயரோ எண்ணோ நூலட்டையில் எழுதப்பட்டு அங்கேயே தங்கிவிடும். வாசகனைக் காக்கும் எண்ணத்துடன் பிரவுண் முறை வகுக்கப்பட்டது என்பதற்கில்லை. பணியைச் சுருக்குவதே அதன் பயன். எனினும் அதன் பௌதிக அமைப்பே மறதியைத் தன்னகத்துக் கொண்டிருந்தது. ஒழுக்கக் கோவை நூலகரை வாய் திறவாதிருக்கச் சொல்லிற்று. பிரவுண் முறையோ சொல்வதற்கு எதனையும் மிச்சம் வைக்கவில்லை. இவ்விரண்டனுள் எது உறுதியான காவல் என்பது வெளிப்படை.

அரசு வாசகனைத் துருவ முனைந்த சந்தர்ப்பங்கள் பல. சோவியத் உளவாளிகளைத் தேடும் பொருட்டுச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் விஞ்ஞான நூலகங்களில் வெளிநாட்டவர் எதை வாசிக்கின்றனர் என விசாரித்து வந்தமை, 1987 இற் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகத்தில் நிகழ்ந்த விசாரணையின் மூலம் அம்பலமாயிற்று. நூலகர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்துக்குப் பிரேரிக்கப்பட்ட றொபேட் போர்க் என்பவர் இரவல் பெற்ற திரைப்பட ஒளிப்பேழைகளின் பட்டியலை வாஷிங்ரன் வார இதழொன்று பிரசுரித்தது. இதனால் வெகுண்ட காங்கிரஸ் 1988 இல் ஒளிப்பேழை அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. தொடக்க வரைவில் நூலக இரவலும் அடங்கியிருந்தது. இறுதிச் சட்டத்திலோ அது விடப்பட்டது. திரைப்படம் பார்த்தவனுக்குக் கிடைத்த சமஷ்டிக் காவல் நூல் வாசித்தவனுக்குக் கிடையாதொழிந்தமை சட்டவாக்க வரலாற்றின் முரண்களுள் ஒன்றெனலாம். நூலகப் பதிவுகளைக் காக்கும் பொறுப்பு மாநிலங்களின் பாற்பட்டது. 48 மாநிலங்களில் இதற்கெனச் சட்டங்கள் உள்ளன. எஞ்சிய இரண்டில் சட்டமா அதிபரின் அபிப்பிராயமே துணை.

2001 ஆம் ஆண்டின் தேசபக்தச் சட்டம் இந்நிலையை மேலும் சிக்கலாக்கிற்று. அதன் 215 ஆம் பிரிவு, இரகசிய நீதிமன்றத்தின் கட்டளை பெற்று நூற்பதிவுகளைக் கோரவும், கோரப்பட்டதை வெளியிடாது தடுக்கவும் இடமளித்தது. அப்பிரிவு 2020 இற் காலாவதியாயிற்று. 2005 இல் கனெக்ரிகட் மாநில நூலகர் நால்வருக்குத் தேசிய பாதுகாப்புக் கடிதம் ஒன்று சேர்ப்பிக்கப்பட்டது. குறிப்பிட்டதொரு வேளையில் நூலகக் கணினியொன்று பயன்படுத்தப்பட்டமை தொடர்பான விபரங்களை அது கேட்டது. அவர்கள் கொடுக்க மறுத்து வழக்காடினர். தேசபக்தச் சட்டத்தைப் புதுப்பிக்கும் விவாதம் காங்கிரசில் நடந்தபொழுது, அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட அந்நால்வரும் பேச முடியாதவாறு வாய்ப்பூட்டிடப்பட்டிருந்தனர். 2006 இல் அரசு தடையையும், பின்னர் கோரிக்கையையும் கைவிட்டது. இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. நூலகரால் மறுக்க முடிந்தமைக்கு அவரது மனத்துணிவு ஒரு காரணம். பதிவு அவரது கையில் இருந்தமை மற்றொரு காரணம். கையில் இல்லாததைக் கொடுக்க மறுத்தல் எவராலும் இயலாது.

இணைய நூலகம் மாற்றியமைத்தது இவ்விரண்டாவது காரணத்தையே. அச்சு நூலை நூலகம் விலைகொடுத்து வாங்குகிறது. வாங்கியபின் அது நூலகத்தின் உடைமை. மின்னூலையோ நூலகம் பெரும்பாலும் உரிமத்தின் கீழ்ப் பெறுகிறது. நூல் விற்பனையாளனின் சேவையகத்தில் இருக்கிறது. வாசகன் ஒவ்வொரு முறையும் அவனது வாசலுக்கே சென்று வருகிறான். 2009 யூலையில் அமேசன் நிறுவனம், விற்பனை உரிமையற்றவர் விற்ற பிரதிகள் எனக் காரணங்காட்டி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் நாவல்கள் இரண்டினை வாசகரின் கின்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தவாறே அழித்தது. அவற்றுள் ஒன்று 1984 என்னும் நாவல். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கோரினார். நூலொன்றை அழிக்க எட்டும் கை, அதனை வாசித்த விதத்தை அறியவும் எட்டும் என்பதைப் பலரும் அப்பொழுது ஆழ்ந்து சிந்திக்கவில்லை.

2011 இல் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பொது நூலகங்களின் மின்னூல்களைக் கின்டிலிற் படிக்கும் வசதி ஏற்பட்டது. வாசகன் நூலகத்தின் பக்கத்திலே தொடங்கி, அமேசனின் பக்கத்திலே தன் கணக்கினூடாக இரவலை முடிக்க வேண்டியவனானான். பொது நூலகத்தின் இரவற் பதிவு தனியார் வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர் பதிவாக உருமாறியது இவ்வாறே. 2014 ஒக்ரோபரில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி இதனினும் பாரதூரமானது. நூலகங்கள் பலவற்றின் மின்னூல்களைத் திறப்பதற்குப் பயன்பட்ட அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பு, வாசகன் திறந்த நூல் எது, எப்பக்கங்களைப் படித்தான் என்பன போன்ற விபரங்களை மறைகுறியாக்கம் ஏதுமின்றி நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. வழியில் நின்று ஒட்டுக்கேட்கும் எவரும் அவற்றை வாசித்திருக்கலாம். கண்டனங்களின் பின் அனுப்பும் முறை மறைகுறியாக்கப்பட்டது. சேகரிப்பு முற்றாக நிறுத்தப்படவில்லை என்பதே கவனித்தற்குரியது. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டிவிட்டமையால், அக்கடிதம் எழுதப்படத்தான் வேண்டுமா என்ற வினா மறக்கடிக்கப்பட்டது. அச்சு நூலகத்தில் வாசகன் எந்நூலை எடுத்தான் என்பது மட்டுமே அறியக்கூடியதாயிருந்தது. எப்பக்கத்தில் நின்றான், எப்பக்கத்துக்கு மீண்டான் என்பதை எந்நூலகரும் அறிந்ததில்லை, அறிய விழைந்ததுமில்லை.

மெய்நிகர் உலகங்களை நோக்குமிடத்து இதே போக்கு மேலும் தெளிவாகப் புலப்படும். லின்டன் லாப் நிறுவனம் 2003 இல் தொடக்கிய செக்கன்ட் லைஃப் என்னும் உலகில், பங்குகொள்வோர் தம் சொந்தப் பெயரை விடுத்துப் புனைபெயரும் அவதார உருவும் தரித்து உலாவினர். முன்னாளில் நிறுவனம் தந்த பட்டியலிலிருந்து குடும்பப் பெயரைத் தெரிந்தெடுத்தல் வழக்கமாயிருந்தது. இலினோய் மாநில நூலக அமைப்பொன்றின் முயற்சியால் 2006 இல் அங்கு நூலகத் தீவு ஒன்று உருவாக்கப்பட்டது. பல நாட்டு நூலகர்களும் அவதார உருவில் அங்கு வீற்றிருந்து வினாக்களுக்கு விடையளித்தனர். நேரிற் சென்று கேட்கத் தயங்கும் வினாவை முகமூடியணிந்து கேட்கும் வாய்ப்பு அங்கு இருந்தது. கேட்பவனைப் போன்றே விடைகூறும் நூலகரும் முகமூடியணிந்திருந்தார். நூலகம் எக்காலத்தும் வாசகனுக்கு வழங்க விரும்பியதொன்றை அது ஒரு பொழுதாவது வழங்கிற்று எனலாம்.

அவ்வுலகின் விதிகளும் மேலோட்டமாகப் பார்க்குமிடத்துப் போற்றத்தக்கனவே. ஒருவரின் மெய்யுலக விபரங்களை அவர் இசைவின்றி வெளியிடுதல், உரையாடல்களைத் தொலைவிலிருந்து ஒட்டுக்கேட்டல், உரையாடற் பதிவுகளை இசைவின்றிப் பகிர்தல் ஆகியன தடைசெய்யப்பட்டிருந்தன. ஆயின் இவ்விதிகள் குடிகளுக்கிடையிலான விதிகள். நிலத்துக்கு உரியவனாகிய நிறுவனம் குடிகளைப் பற்றிச் சேகரிப்பதை இவை கட்டுப்படுத்தவில்லை. 2006 செப்ரெம்பரில் அந்நிறுவனத்தின் தரவுத்தளத்தினுள் அந்நியர் புகுந்தபொழுது, வாடிக்கையாளரின் உண்மைப் பெயர்களும் முகவரிகளும் அவர்கள் கைக்கு எட்டியிருக்கக்கூடும் என நிறுவனமே அறிவித்தது. முகமூடிகளுக்குப் பின்னேயிருந்த முகங்கள் யாவும் ஒரே பெட்டகத்தில் இருந்தமை அன்று புலனாயிற்று. 2013 டிசெம்பரில் எட்வேட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் வாயிலாக, அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்கள் செக்கன்ட் லைஃப், வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் முதலிய உலகங்களினுள்ளும் நுழைந்து கண்காணித்தமை தெரியவந்தது. நூலகத்திற்கு வந்த புலனாய்வாளன் தன் அடையாள அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்டான். மெய்நிகர் உலகிற்கு வந்தவனோ அவனும் ஓர் அவதாரமாகவே வந்தான்.

தலையில் அணியும் காட்சிக் கருவிகள் பரவிய பின்னர் முகமூடியே பயனற்றுப் போகும் நிலை தோன்றியுள்ளது. ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 511 பேரின் தலை, கை அசைவுகளைக் கணினிக்குப் பயிற்றினர். ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த தரவைக் கொண்டே நூற்றுக்கு 95 வீதம் இன்னார் இவரெனக் கணினியால் இனங்காண முடிந்தது. பேர்க்லி ஆய்வாளர் முன்னின்று 2023 இல் நடத்திய ஆய்வு, விளையாட்டொன்றில் ஈடுபட்ட 55,000 க்கும் மேற்பட்டோரை, 100 செக்கன் அசைவைக் கொண்டு 94 வீதத்துக்கும் மேலான துல்லியத்துடன் இனங்கண்டது. பெயரை மாற்றலாம், உருவை மாற்றலாம், கை வீசும் பாங்கினை மாற்றுதல் அரிது. வருங்காலத்தில் இத்தகைய கருவியினூடாக நூலகம் புகும் வாசகன், பெயர் சொல்லாதபோதும் அறியப்பட்டவனாகவே புகுவான்.

இவ்விடத்து எழுப்பப்படும் மறுப்புகள் மூன்றினை நோக்குதல் தகும். முதலாவது, வாசகன் தானே நிபந்தனைகளுக்கு இசைந்தான் என்பதாகும். இசைவு என்பது மறுக்கும் வாய்ப்பு உள்ளவிடத்தே பொருளுடையது. பரீட்சைக்கு வேண்டிய நூல் உரிமத்தின் கீழ் மட்டுமே கிடைக்குமாயின், ஒப்புக்கொள்கிறேன் என்னும் பொத்தானை அழுத்தும் மாணவன் இசைகின்றானல்லன், பணிகின்றான். இரண்டாவது, பதிவுகள் வாசகனுக்கே நன்மை பயக்கின்றன என்பதாகும். முன்பு படித்தவற்றை நினைவூட்டலும், விட்ட பக்கத்திலே தொடர உதவலும் பயனுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பயனை விரும்புவோனுக்காக அவன் விரும்பும் காலம்வரை பேணப்படும் பதிவு வேறு. எல்லோர்க்கும் எக்காலத்துக்குமெனச் சேர்த்து வைக்கப்படும் பதிவு வேறு. மூன்றாவது, தவறு செய்யாதவன் எதனை ஒளிக்க வேண்டும் என்பதாகும். இது தவறு எதுவென்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் என்றும் மாறாது, என்றும் நீதியாகவே இருக்கும் எனக் கொள்ளும் வாதம். இன்று பாடநூலாயிருப்பது நாளை தடைநூலாகலாம். பதிவோ அப்படியே இருக்கும்.

சட்டம் முற்றாகக் கைகட்டி நின்றதென்றும் கூறுவதற்கில்லை. நூற்கடையொன்றின் வாடிக்கையாளர் வாங்கிய நூல்களை அறியப் பொலிசார் முனைந்தபொழுது, கொலராடோ மாநில உயர் நீதிமன்றம் 2002 இல் வாசகன் பக்கமே தீர்ப்பளித்தது. கலிபோர்னியா மாநிலம் 2011 இல் நிறைவேற்றி 2012 இல் நடைமுறைக்கிட்ட வாசகர் அந்தரங்கச் சட்டம், நூற் சேவைகளிடமிருந்து வாசகர் விபரங்களை அரசு பெறுவதற்கு நீதிமன்றக் கட்டளையை அவசியமாக்கிற்று. கூகிள் நிறுவனத்தின் நூற்றிட்டம் தொடர்பான இணக்கத்தை 2011 இல் நிராகரித்த நீதிபதி, வாசகரின் அந்தரங்கம் பற்றிய கவலை மெய்யானதே என ஏற்றுக்கொண்டார். எனினும் நிராகரிப்பதற்கு அது தன்னளவிற் போதிய காரணமன்று என்றும் கருதினார். இங்கேதான் சட்டச் சிந்தனையின் வரம்பு தெரிகிறது. அரசு பதிவைக் கேட்பதற்குச் சட்டம் நிபந்தனை விதிக்கிறது. நிறுவனம் அப்பதிவை ஏன் வைத்திருத்தல் வேண்டும் என்று அது அரிதாகவே கேட்கிறது. வாரனும் பிரான்டைசும் எண்ணிய கதவையே சட்டம் இன்னமும் காத்து நிற்கின்றது. வாசகனோ கதவற்ற மண்டபத்தில் இருக்கின்றான்.

அமெரிக்க நூலகச் சங்கம் 2019 இல் தனது நூலக உரிமைப் பிரகடனத்தில் அந்தரங்கம் பற்றிய ஏழாம் பிரிவைச் சேர்த்தமை வரவேற்கத்தக்கது. ஆயின் 1939 இன் கோவைக்கு இருந்த வலு, பதிவு நூலகரின் கையில் இருந்தமையாற் பெற்ற வலு. பதிவு விற்பனையாளனின் கைக்குப் போனபின் நூலகரை நோக்கி எழுதப்படும் ஒழுக்க விதி, எவ்வளவு உயர்ந்ததாயினும், இலக்குத் தவறியதேயாம். வேண்டப்படுவது பிரவுண் முறையின் தத்துவத்தைக் கணினியிலே நிலைநாட்டுவதாகும். நூல் மீண்டதும் தொடர்பு அழிதல் வேண்டும். தேவைப்படாத விபரம் முதலிலேயே கேட்கப்படாதிருத்தல் வேண்டும். பதிவை விரும்புவோன் கேட்டுப் பெறுதல் வேண்டும், விரும்பாதோன் கேட்டு நீங்குதல் அன்று. இவை உரிம ஒப்பந்தத்தின் வாசகங்களாக இடம்பெற வேண்டும். தனித்தனியே ஒப்பமிடும் நூலகங்களால் இதனைச் சாதித்தல் கடினம். கூட்டாகப் பேரம் பேசும் நூலகங்களால் இயலும்.

இது பிறநாட்டாரின் பிரச்சினை எனத் தமிழ் வாசகர் அமைதி கொள்ளுதல் ஆகாது. இலங்கைத் தமிழ் எழுத்துக்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வழங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005 இல் தொடங்கியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியுண்ட சமூகம் ஒன்று, நூலை அழியாது காத்தலையே தன் முதற் கடமையாகக் கொண்டமை இயல்பேயாகும். அக்கடமையோடு இன்று மற்றொன்றும் சேர்கின்றது. நூல் காக்கப்பட்டும், அதனை நாடிச் செல்வோன் தன் பெயர் எங்கோ எழுதப்படுமென அஞ்சி நாடாதொழிவானாயின், காக்கப்பட்ட நூலாற் பயன் யாது? நூலைக் காத்தலும் வாசகனைக் காத்தலும் ஒரே பணியின் இரு கூறுகள் என்பதை இணைய நூலகங்களை அமைப்போரும், அவற்றுக்கு நிதி உதவுவோரும், அவற்றிற் பயில்வோரும் உணர்ந்து செயற்படுதல் காலத்தின் தேவையாகும்.